நான் பூத்தையல் டீச்சராக இருந்த கதை

எங்கள் தெருமுனையில் புதிதாகக் கட்டிய மாடியில் போன வருடம் 'பிலாட்டீஸ்' என்று ஒரு பலகை மாட்டினார்கள். ஏதோ பலகாரக் கடை என்று நினைத்துக்கொண்டேன். விருதுநகரில் எதைப் புதிதாகத் திறந்தாலும் அது வாயில் போடுகிற சமாச்சாரமாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம். பிறகுதான் அது உடற்பயிற்சி என்று தெரிந்தது. அதை நடத்துகிற நிவேதா, என்னிடம் படித்த ஒருத்தியின் மகள். ஒரு நாள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டு, அதற்காகத் தான் படித்த படிப்பு, எழுதிய பரீட்சை, பிறர் வகுப்பெடுப்பதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்கள், கடைசியில் கைக்கு வந்த சர்டிபிகேட் எல்லாவற்றையும் சொன்னாள். அப்புறம் என் கூடத்திலேயே மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்புக்கு மேலே முதுகில் இருக்கிற பள்ளத்தைத் தரையோடு அழுத்திக் காட்டினாள்.

"அடிப்பாவி, இதைத்தானடி நாங்களும் செஞ்சோம்!" என்றேன்.

"நீங்களா டீச்சர்?" என்று எழுந்து உட்கார்ந்தாள். டிரில் டீச்சர் என்றால் விசில் ஊதிக்கொண்டு மைதானத்தில் வெயில் காய்கிறவள் என்றுதான் அவளுக்கும் நினைப்பு. "எழுதிக் குடுங்க, எங்க குரூப்புக்கு அனுப்புறேன்" என்றாள். கேட்டுவிட்டாள், எழுதுகிறேன். நீளமாகப் போனால் அவள்தான் பொறுப்பு.

நான் பள்ளி இறுதி முடித்தது ஐம்பதுகளின் நடுவில். அப்பாவுக்கு மிளகாய் வத்தல், பருப்பு கமிஷன் மண்டி. எனக்குக் கணக்கு வராது, ஓட்டம் வரும். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை சொல்லித்தான் சென்னையில் பெண்களுக்கு உடற்பயிற்சி ஆசிரியை படிப்பு என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. "குதிக்கிறதுக்கு ஒரு படிப்பாக்கும்?" என்று அப்பா கேட்டார். "குதிச்சாச் சம்பளம் குடுக்குறாகளாம்ல, குதிச்சிட்டுப் போகட்டும்" என்றாள் அம்மா. இப்படித்தான் ரயிலேறினேன்.

அங்கே தலைமைப் பயிற்சியாளர் மிஸ் ரெபெக்காள். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சேலை, வெள்ளை கான்வாஸ் ஷூ. குரலை உயர்த்தியதே கிடையாது. திட்டுவதென்றால் இன்னும் தணித்துவிடுவார். நாம்தான் கிட்டே போய்க் காதைக் கொடுத்துத் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் வரிசையாக நின்று குதிகாலை உயர்த்தினால், அந்த வெள்ளைச் சேலையோடு மண்ணில் குப்புறப் படுத்துவிடுவார். கன்னத்தைத் தரையில் வைத்து, எல்லாக் குதிகாலும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார். பிறகு எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, "மூணாவது ஆள், இடது கால் பொய் சொல்லுது" என்பார். அந்த மூன்றாவது ஆள் பல நாள் நான்தான்.

கட்டளை கொடுப்பதற்கு மட்டுமே எங்களை மாதக்கணக்கில் வறுத்தெடுத்தார். என்ன செய்ய வேண்டும் என்பது முதலில். நடுவில் ஒரு நிறுத்தம். கடைசியில் செய்யச் சொல்கிற ஒரே சொல். 'கைகள் பக்கவாட்டில்' என்று சொல்லி, நிறுத்தி, 'தூக்கு!' என்க வேண்டும். நிறுத்தம் குறைந்தால் பாதிப் பேர் தயாராகியிருக்க மாட்டார்கள். கூடினால் அவசரக்குடுக்கை எவளாவது முந்திக்கொண்டு தூக்கிவிடுவாள். எதிரே நிற்கிறவர்களின் மூச்சைப் பார்த்து அந்த நிறுத்தத்தை வைக்க வேண்டும் என்பார் மிஸ். எனக்கு அது பிடிபட ஒரு வருடம் ஆனது.

முதல் வாரத்திலேயே ஒவ்வொருத்தியையும் கொத்தனார் தூக்குக்குண்டின் நூலுக்கு முன்னால் திருப்பி நிறுத்தினார். முதுகெலும்பு அந்த நூலை ஒட்டிப் போகிறதா என்று பார்ப்பதற்காக. என் முறை வந்ததும், "தொடப் போறேன்" என்றார். யாரைத் தொடுவதற்கு முன்னாலும் அவர் இதைச் சொல்லாமல் தொட மாட்டார். நாங்களும் அப்படியே செய்ய வேண்டும், மறந்தால் வகுப்புக்கு வெளியே. விரலால் என் தோளைத் தொட்டுவிட்டு, "எந்த ஊரும்மா?" என்றார்.

"விருதுநகர் மிஸ்."

"தண்ணி எடுத்திருக்க. இடது இடுப்பு. ரொம்ப தூரம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் பக்கம் நல்ல தண்ணீருக்கு எம்புட்டு நடை என்று அவருக்கு எப்படித் தெரியும்? "குனி" என்றார். கையைத் தொங்கவிட்டு மெதுவாகக் குனிந்தேன். குனிந்ததும் என் முதுகின் கோணல் போய்விட்டதாம். அப்படிப் போனால் அது பழக்கத்தால் வந்தது, பழக்கத்தாலேயே திருத்தலாம். குனிந்த பிறகும் போகாமல் ஒரு பக்கத்து விலா மேலே எழும்பி நின்றால் எலும்பே திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். "அது உங்க வேலை இல்ல, டாக்டர் வேலை. டாக்டர் பாத்துச் சொன்ன பிறகு, வலி குறைய, மூச்சு நல்லா வர, நீங்க பயிற்சி குடுக்கலாம். நேராக்கித் தர்றேன்னு மட்டும் எந்த அம்மாவுக்கும் வாக்குக் குடுத்துடாதீங்க" என்றார்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது குடத்தை வலது இடுப்பில் வைத்து நடந்தேன். குழாயடியே திரும்பிப் பார்த்தது. எங்கள் பக்கம் எந்தப் பெண்ணும் வலது இடுப்பில் குடம் வைக்க மாட்டாள். வலது கை வீசுவதற்கு வேண்டும். "ஏத்தா, பட்டணத்துல போயி இடுப்பை மாத்தி மாட்டிட்டு வந்துட்டியா?" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த முறை நூலுக்கு முன்னால் நின்றபோது என் தோள்கள் சமமாக இருந்தன.

செய்முறைத் தேர்வன்று முன்பின் தெரியாத பட்டணத்துப் பிள்ளைகளை என் முன்னால் நிறுத்தினார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் ஒருத்தி தூணில் சாய்ந்து நிற்கவும், "ஏலே, அங்கன என்ன வேடிக்கை? நிமிந்து நில்லு!" என்று வாய் ஊருக்கு ஓடிவிட்டது. வகுப்பே கொல்லென்று சிரித்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பேனாவை எடுத்தார். தொலைந்தேன் என்றே நினைத்தேன். மிஸ் ரெபெக்காள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கிற்று. எப்படியோ தேறி, சர்டிபிகேட்டும் வாங்கிவிட்டேன்.

வேலை சிவகாசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. ஆமத்தூர் வழியாகப் போகிற பஸ்ஸில் தினமும் இடிபட்டுச் சலித்துப்போய், அங்கேயே ஒரு வீட்டின் முன்பகுதியை வாடகைக்குப் பிடித்துத் தனியாக இருந்தேன். கல்யாணம் ஆகாத பொம்பளை, காலில் ஷூ, கழுத்தில் விசில். ஊர் மெல்லுவதற்கு அது போதும். பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டிவிட்டு வருவார்கள். விரல்களில் பசை காய்ந்திருக்கும், கழுத்து முன்னால் நீண்டிருக்கும். ஓடவிடுவதற்கு முன்னால் அவர்களைச் சுவரோரம் நிறுத்தி, பின்தலையும் தோளும் குதிகாலும் சுவரில் பட நிற்கவைப்பேன். "நாங்க பெட்டியை ஒட்டுறோம், டீச்சர் எங்களை ஒட்டுறாக" என்று முனகுவார்கள். நானும் கேட்டும் கேட்காதது மாதிரி இருந்துவிடுவேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பெரிய வகுப்பில் செண்பகம் என்று ஒரு பெண் இருந்தாள். வெம்பக்கோட்டைச் சாலையில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த முதலாளியின் ஒரே மகள். எந்நேரமும் தாவணியை இரண்டு தோளையும் சுற்றிப் போர்த்திக்கொண்டே இருப்பாள். டிரில் பீரியட் வந்தால் வயிற்றுவலி வந்துவிடும். எத்தனை வயிற்றுவலியை நான் பார்த்திருக்கிறேன்! ஒரு நாள் விடாமல் இழுத்துப்போய்ச் சுவரில் நிறுத்தினேன். வலது தோள்பட்டை மட்டும் பிதுங்கிச் சுவரில் முட்ட, இடது தோள் படியாமல் நின்றது. இதுவும் குடம் செய்த வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால், முதலாளி வீட்டுக்கு வண்டியில் தண்ணீர் வருகிறது. இவள் இடுப்பில் குடம் ஏறியதே இருக்காது.

விளையாட்டுச் சாமான் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். "தொடப் போறேன்" என்றேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். குனியச் சொன்னேன். குனிந்ததும் வலது பக்கத்து விலா மேட்டைப்போல எழும்பி நின்றது. போகவில்லை.

"சரியாயிருமா டீச்சர்?" என்று குனிந்தபடியே கேட்டாள்.

"முழுசா நேராகாதும்மா."

அழுவாள் என்று பார்த்தேன். நிமிர்ந்து பெருமூச்சு விட்டாள். "அப்பாடா. நீங்க ஒருத்தராவது உண்மையைச் சொன்னீகளே. வீட்டுல எண்ணெய் தேச்சாப் போயிரும், நேத்திக்கடன் வச்சாப் போயிரும்னு சொல்லிச் சொல்லியே எனக்கு அலுத்துப்போச்சு" என்றாள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சாயங்காலமானால் தோளில் வலி என்றும் சொன்னாள். எனக்கு அந்தப் பெண்ணை அன்றே பிடித்துவிட்டது.

மறுவாரம் அவள் அம்மா தனலட்சுமி அம்மாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். விளையாட்டு விழாவுக்குப் பரிசு கொடுப்பது பற்றிப் பேச வந்ததாகத் தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், எம்மக எல்லாம் சொன்னா. நீங்க வீட்டுக்கு வந்து அவளுக்குச் செய்யிறதைச் செய்ங்க. ஆனா இது வெளிய போகக் கூடாது. போச்சுன்னா அவளை எவன் கட்டுவான்?"

"முதல்ல டாக்டரம்மாகிட்டக் காட்டணும்மா. அப்புறந்தான் நான் தொடுவேன்" என்றேன்.

மதுரைக்கு, மீனாட்சி கோயிலுக்கு என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுப் போய்க் காட்டினார்கள். வளர்கிற வயது ஏறக்குறைய முடிந்துவிட்டது, இனிமேல் பெரிதாக வளையாது, கத்தி வைக்க வேண்டாம், மூச்சுக்கும் வலிக்கும் பயிற்சி கொடுக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியனுப்பினார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். எதற்கு வருகிறேன் என்று அக்கம்பக்கம் கேட்குமே? செண்பகத்துக்குப் பூத்தையல் சொல்லிக்கொடுக்க வருகிறேன் என்று தனலட்சுமி அம்மாள் சொல்லிவைத்தார். எனக்கோ ஊசியில் நூல் கோக்கவே வராது. எதிர்வீட்டு அம்மா ஒரு நாள் வாசலிலேயே மடக்கி, "எம்மகளுக்கும் அந்தச் சங்கிலித் தையலைச் சொல்லிக் குடுங்களேன்" என்று கேட்டுவிட்டார். "அது ரொம்பக் கஷ்டம்மா, கண்ணு போயிரும்" என்று சொல்லித் தப்பித்தேன். தனலட்சுமி அம்மாள் கடையில் பூப்போட்ட தலையணை உறை ஒன்றை வாங்கி வந்து, மகள் தைத்தது என்று கூடத்தில் போட்டுவைத்தார்.

கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் செய்தது இதுதான். ஜமக்காளத்தில் மல்லாந்து படுத்து, நிவேதா செய்து காட்டினாளே, அந்தப் பயிற்சி. பிறகு பள்ளமான பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வேண்டும். அடியில் சுருட்டிய துண்டு. பள்ளமான விலாவில் நான் கையை வைத்து, "மூச்சை இங்கன அனுப்பு, என் கையைத் தள்ளு" என்பேன். ஆரம்பத்தில் அந்தப் பக்கம் அசையவே அசையாது. பிறகு தவழ்ந்து போவது. கடைசியில் தொங்குவது. பயிற்சிக் கல்லூரியில் தொங்குவதற்கென்று சுவரில் அடித்திருந்த மரக்கம்பிகளுக்கு நான் எங்கே போவேன்? ஊஞ்சல் பலகையைக் கழற்றிவிட்டுச் சங்கிலிக் கொக்கிகளில் உலக்கையைக் கோத்துத் தொங்கவிட்டேன். "உலக்கையில தொங்குற முதல் பொம்பளை நாந்தான் டீச்சர்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே தொங்குவாள்.

அவள் பள்ளிப் படிப்பை முடித்த பிறகும் ஞாயிறு வகுப்பு நிற்கவில்லை. தோள்வலி குறைந்தது. மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறினாள். விலா மட்டும் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு மாதமும் தனலட்சுமி அம்மாள் மகளின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் தலையைக் குனிந்துகொள்ள மாட்டேன். முதல் நாளே சொல்லிவிட்டதைத் திரும்பவும் சொல்லுவேன்.

காரியாபட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தானிய வியாபாரக் குடும்பம். லோடெல்லாம் போய்த் தீபாவளி சீசன் முடியட்டும், பிறகு வரச் சொல்லலாம் என்றார் செண்பகத்தின் அப்பா. தீபாவளி முடிந்ததும் நாள் குறித்தார்கள். அந்த வாரம் தனலட்சுமி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், சேலையைச் சுத்திப் போத்திவிட்டா நடக்கிறப்பத் தெரியாது. பூ வச்சுப் பின்னலைத் தொங்கவிட்டா நிக்கிறப்பவும் தெரியாது. ஆனா பெரியவுக கால்ல விழணுமே? குனிஞ்சா எந்திரிச்சுக்கிட்டு நிக்குமே! குனியாம விழுறதுக்கு ஒரு வழி சொல்லிக் குடுங்க."

நான் திகைத்துப்போனேன். குனிந்து பார்த்துத்தான் நாங்கள் கோணலைக் கண்டுபிடிக்கிறோம். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னாலும் அதையேதான் செய்யச் சொல்கிறார்கள். "அவுககிட்ட முன்னாடியே சொல்லிருங்கம்மா" என்றேன்.

"நீங்க கல்யாணம் காட்சி காணாதவுக. உங்களுக்கு இது புரியாது" என்றார். சுருக்கென்று தைத்தது. அவரும் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஒத்தப் பொண்ணு டீச்சர். நான் என்ன திருடவா செய்றேன்?"

வழி இல்லாமல் இல்லை. ஒரு காலைப் பின்னால் வைத்து, முதுகை நட்டமாக நிறுத்தியபடியே முழங்காலில் இறங்கி, குதிகாலில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்து மட்டும் சாய்ந்து, கையை நீட்ட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு இடது பக்கத்தைக் காட்டி நின்றால் ஒன்றும் தெரியாது. வயிற்றிலும் தொடையிலும் நல்ல பலம் வேண்டும். அந்தப் பலம் செண்பகத்துக்கு வந்திருந்தது. ஆனாலும் சொல்லிக்கொடுக்க எனக்கு மனசில்லை.

அம்மா உள்ளே போனதும் செண்பகம் கேட்டாள். "கல்யாணத்துக்கு அப்புறம் தெரியாமயா இருக்கும்? அன்னைக்கு என்னைய ஏமாத்துக்காரின்னு சொல்லி இங்கனயே கொண்டுவந்து விட்டுட்டுப் போனா, நான் என்ன டீச்சர் செய்வேன்?"

"அதைத்தான் உங்கம்மாகிட்டயும் சொன்னேன்."

"அம்மா கேக்க மாட்டாக." உலக்கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொல்லிக் குடுங்க. செய்றதும் செய்யாததும் நான் பாத்துக்கிடுறேன்."

அவள் கேட்டதால் சொல்லிக்கொடுத்தேன். இரண்டே ஞாயிறில் பிசகில்லாமல் செய்தாள்.

பெண் பார்க்கிற அன்று பூத்தையல் டீச்சரும் இருக்க வேண்டும் என்று தனலட்சுமி அம்மாள் வற்புறுத்தினார். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, அந்தக் கடைத் தலையணை உறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை சாதுவான பையன், தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா பாக்கியத்தம்மாள் கனத்த உடம்பு, கூர்மையான கண். செண்பகம் காபி கொடுத்தாள். "பெரியவுகளுக்கு நமஸ்காரம் பண்ணும்மா" என்று அப்பா சொன்னார்.

இடது பக்கம் தெரிய நின்று, நான் சொன்னபடியே நட்டமாக இறங்கிச் சாய்ந்து வணங்கினாள். மிஸ் ரெபெக்காள் தரையில் படுத்துப் பார்த்திருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டார். பாக்கியத்தம்மாளின் முகம் மலர்ந்தது. தனலட்சுமி அம்மாள் கதவோரம் நின்று கண்ணை மூடிச் சாமியைக் கும்பிட்டுக்கொண்டார்.

செண்பகம் எழுந்தாள். போகவில்லை. போர்த்தியிருந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள்.

"அத்தை, இப்பச் செஞ்சது டீச்சர் சொல்லிக் குடுத்தது. என் முதுகு இப்படி இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் முன்னால் நன்றாகக் குனிந்து காலைத் தொட்டாள்.

அவள் அப்பா கையில் டம்ளரோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாக்கியத்தம்மாள் கையை நீட்டி, தடவித் தேடாமல் நேரே அந்த விலாவின் மேல் வைத்தார். "எந்திரி தாயி" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"நீங்க பூத்தையல் டீச்சர் இல்லையா?"

"இல்லம்மா. டிரில் டீச்சர்."

"இது நேராகுமா?"

"ஆகாது."

"கூடுமா?"

"பெருசாக் கூடாதுன்னு மதுரை டாக்டரம்மா சொல்லிருக்காக."

"பிள்ளை பெத்துக்கிடுவாளா?"

பெறுவாள் என்று சொல்ல நாக்கு துடித்தது. அந்த ஒரு வார்த்தையால் சம்பந்தம் முடிந்தாலும் முடியும். ஆனால் அதைச் சொல்ல என் சர்டிபிகேட்டுக்கு அதிகாரம் இல்லை. "அதை டாக்டரம்மாகிட்டத்தான் கேக்கணும். நான் சொல்லக் கூடாது" என்றேன். "கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்று அவர்கள் எழுந்துகொண்டார்கள்.

ஜாதகம் ஒத்துவரவில்லை என்று தரகர் மூலம் சொல்லியனுப்பிவிட்டார்கள். தனலட்சுமி அம்மாள் என்னை வாசலிலேயே நிறுத்தி, "நல்லாச் சொல்லிக் குடுத்தீக டீச்சர், ரொம்பச் சந்தோசம். இனிமே வராதீக" என்றார். வீட்டுக்கு வந்து அழுதேன். எல்லோரும் கேட்பீர்கள் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: செண்பகத்துக்குச் சில வருடம் கழித்துக் கல்யாணம் நடந்தது. சிவகாசியிலேயே அச்சாபீஸ் வைத்திருந்தவர். எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லி நடந்த கல்யாணம், இரண்டு பிள்ளைகள். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

நான் போகாத முதல் ஞாயிற்றுக்கிழமை செண்பகம் கடைவீதி வழியாக, போர்த்திக்கொள்ளாமல், பட்டப்பகலில் என் வீட்டுக்கு நடந்து வந்தாள். "நீங்கதான வரக் கூடாது, நான் வரலாம்ல?" என்றாள். அவள் அம்மா கூப்பாடு போட்டாராம். அப்பா, "போகட்டும் விடு" என்றாராம். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் என் வீட்டு உள்ளறையில் ஜமக்காளம் விரித்தோம்.

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிறு. செண்பகம் உள்ளே ஒருக்களித்துப் படுத்து மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் பாக்கியத்தம்மாள், தனியாக, பஸ்ஸில் வந்த களைப்போடு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்தாலும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன்.

"ஜாதகம்னு சொன்னது பொய் டீச்சர்" என்று அவரே ஆரம்பித்தார். "எம்மகன் சரின்னுதான் சொன்னான். நாந்தான் வேண்டாம்னேன்."

"ஏன்?"

"எனக்கு ஒரு மக இருக்கா. மீனான்னு பேரு. அவளுக்கும் இதே முதுகுதான். வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிப்பாட்டிட்டேன். சொந்தபந்தத்துக்குக்கூடத் தெரியாது. மருமகளுக்கு முதுகு கோணல்னு ஊரு பேச ஆரம்பிச்சா, வீட்டுக்குள்ள இருக்கிற இன்னொரு முதுகையும் எவளாவது திரும்பிப் பாத்துருவாளேன்னு பயந்துட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவளுக்கும் நீங்க சொல்லிக் குடுக்கணும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு விசிலை எடுத்து அவர் காதிலேயே ஊதியிருப்பேன். "உங்க மகளை மறைக்கிறதுக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தள்ளி விட்டுட்டு, இப்ப என்கிட்டயே வந்து கேக்கீகளே, இது உங்களுக்கே நல்லாருக்கா?" என்றேன்.

"நல்லாயில்லதான். கேக்காம இருக்க முடியல டீச்சர். நாலு படி ஏறினா அவளுக்கு இரைக்குது."

அப்போதுதான் உள்ளறைக் கதவு திறந்தது. கோபத்தில் செண்பகம் அங்கே இருப்பதையே மறந்துபோயிருந்தேன். கலைந்த தலையோடு, முந்தானையை இடுப்பில் செருகியபடி வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகமே சொல்லியது. பாக்கியத்தம்மாள் சட்டென்று எழுந்துகொண்டார்.

"உக்காருங்க அத்தை" என்றாள் செண்பகம். "மதுரை டாக்டரம்மாகிட்டக் காட்டிட்டு, வர்ற ஞாயித்துக்கெளமை மீனாவைக் கூட்டிட்டு வாங்க. முதல்ல அவளுக்குக் கூச்சமா இருக்கும். டீச்சர் சொல்லட்டும், விலாவுல கை வச்சு நான் பிடிச்சுக்கிடுறேன்."

பாக்கியத்தம்மாள் அவள் கையைப் பிடிக்கப் போனார். செண்பகம் கையைக் கொடுக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு. காரியாபட்டியில இருந்து இங்க வர்ற வரைக்கும் அவ போத்திக்கிடாம வரணும்."

பாக்கியத்தம்மாள் தன் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "பஸ்ஸுல அம்புட்டுப் பேரும் பாப்பாகளேம்மா" என்றார் மெல்ல.

"பாக்கட்டும் அத்தை. நீங்க முதல்ல அவளைப் பாருங்க" என்றாள்.